யூதாஸ் வீட்டு டெரன்ஸ் பிணமாக நடித்த கதை

எட்டு மாதம் மெனக்கெட்டு ஒரு கொலைகாரனை ஒளித்துவைத்தேன். எங்கள் ஊர் அவனைச் சட்டை செய்யவே இல்லை, பிணத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் அந்தப் பிணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அவனை நினைத்தாலே எரிச்சலோடு சேர்ந்து சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

பிணத்தின் பெயர் டெரன்ஸ். வயது ஐம்பத்தொன்று. சங்கு குளிக்கிறவன். விடியற்காலை வள்ளத்தில் போய், கடலடியில் மணலைத் துழாவி, மத்தியானம் சங்குப் பையோடு திரும்புவான். எல்லோரும் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு முங்குகிற இந்தக் காலத்திலும், குழாய் இல்லாமல் இரண்டரை நிமிடம் மூச்சடக்குவான். நான் எமில்டா, அவனுக்கு அடுத்த தெரு. துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருபத்தாறு வருடமாகச் சரக்குப் பேப்பர் டைப் அடிக்கிறேன். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்டுப்போகும் இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போகவிடாமல் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். எங்கள் தேவாலயத்தின் பங்குத் திருவிழா நாடகமும் நான்தான் எழுதுவேன், வேறு யாரும் முன்வராத பாவத்துக்கு.

எங்கள் தெருவில் ஞானஸ்நானப் பெயரை நம்பி யாரையும் கண்டுபிடிக்க முடியாது. டெரன்ஸ் மட்டுமே நான்கு பேர். வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதுதான் விலாசம். அதிலும் திருவிழா நாடகத்தில் போட்ட வேஷம் ஒருவன்மேல் ஒட்டிக்கொண்டால் பேரன் காலம் வரை உரியாது. எப்போதோ ஒருவர், பச்சைக் குழந்தைகளைக் கொல்லச்சொன்ன ஏரோது ராஜாவாக நடித்தார். அவருடைய பேரன் இன்றைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றால், "ஏளா, ஏரோது வீட்டுப் பையன் வந்திருக்கான், தண்ணி குடு" என்கிறார்கள். மூன்று ஞானிகளில் ஒருவராக வந்தவரின் குடும்பம் ஞானி வீடு. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் இதுவரை யாரும் இல்லை.

டெரன்ஸின் அப்பா சூசைமிக்கேலுக்கு நேர்ந்ததுதான் கொடுமை. நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில், முத்தமிட்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கிய யூதாஸாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க நின்ற சூசைமிக்கேலைப் பிடித்து, "சும்மா வந்து ஒரு முத்தம் குடுத்துட்டுப் போ, போதும்" என்று மேடையில் ஏற்றினார்கள். மனிதர் முத்தமும் கொடுத்து, கொடுத்ததற்கு அங்கேயே விழுந்து அழுதும் தொலைத்தார். முன்வரிசையிலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. மறுநாளிலிருந்து அது யூதாஸ் வீடு.

டெரன்ஸ் பள்ளிக்கூடத்தில் யூதாஸ் மகன். வள்ளத்தில் யூதாஸ். என் செல்போனிலேயே அவன் நம்பர் "யூதாஸ் டெரன்ஸ்" என்றுதான் இருந்தது, கடவுள் என்னை மன்னிக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவன் மனைவி ஞானசௌந்தரிக்கு விஷயம் தெரியும். "பேரா எனக்குச் சோறு போடுது?" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் டெரன்ஸ் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான். கோயிலில் சாமியார் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும், அதுதான் காரணம்.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். மகள் அனிஷாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது. அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், குணமான பிள்ளை. முதலில் வந்தவர்கள் தெருமுனை பேக்கரியில் வழி கேட்டார்கள். "எந்த டெரன்ஸு? ஓ, யூதாஸ் வீடா?" என்று கடைக்கார அண்ணாச்சி கள்ளங்கபடம் இல்லாமல் கை காட்டினார். வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் பேக்கரியைத் தாண்டவே இல்லை.

போன வருடம் ஒரு நாள் சாயங்காலம் டெரன்ஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எமில்டாக்கா, இந்த நாடகத்துல எனக்கு நல்ல வேசம் ஒண்ணு வேணும்."

"ஒனக்கு எதுக்குலே நாடகம்? மேடையில ஏறுனா வெடவெடன்னு நடுங்குவியே!"

"நடுங்குனா நடுங்கிட்டுப் போறேன். அனிஷாவப் பாக்க புன்னைக்காயல்ல இருந்து வாராவ. திருவிழா அன்னைக்கி நாடகம் பாத்துட்டு, மறுநா காலையில வீட்டுக்கு வாராவளாம். பேக்கரியில வழி கேப்பாவல்லா?" சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "மொத ரெண்டும் போனப்ப அவ சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தா. இந்தப் பையன் மெர்வினை அவளுக்குப் புடிச்சிப்போச்சுக்கா. இப்ப சோறு எறங்க மாட்டேங்கு. வேசத்துல வந்த பேரு வேசத்துலதான போவணும்? நல்லவனா ஒரு வேசம் குடுங்க, ஊரு அதச் சொல்லிக் கூப்பிடட்டும்."

பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம், புயலில் போன ஒரு தோணியை வைத்து எழுதியிருந்தேன். அதில் தோணியை ஓட்டிவந்த குடிகாரத் தண்டல் தங்கள் பெரியப்பாதான் என்று மூன்று குடும்பங்கள் சண்டைக்கு வந்தன. ஒரு குடிகாரருக்கு மூன்று குடும்பம்! வெறுத்துப்போய், எங்கள் ஊரில் ஒருவனுக்கும் சொந்தக்காரன் இல்லாத ஊரையும் காலத்தையும் தேடினேன். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய அயர்லாந்து. கடலோரம் ஒரு துறவி மடம், கில்மோரன் என்று நானே பெயர் வைத்தேன். பனி கொட்டுகிற மாதத்தில், ஏடு பார்த்து எழுதும் துறவி கோல்மன் தன் அறையில் செத்துக் கிடக்கிறார், பக்கத்தில் தேன்மதுக் கிண்ணம். அதில் விஷம் கலந்தது யார்? துப்பறிய இன்னொரு மடத்திலிருந்து ஒரு துறவி வருகிறார்.

விழாக் கமிட்டித் தலைவர் ரோச் அண்ணாச்சி, நான்கு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"அயர்லாந்துல என் மருமவ நர்ஸா இருக்காளே. அவ வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?"

"இது ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தி நடக்கு அண்ணாச்சி."

"அப்பவும் அங்கன ஆஸ்பத்திரி இருந்திருக்கும்லா?"

இவரைத்தான் மடத்துத் தலைவராகப் போட வேண்டியிருந்தது. கமிட்டித் தலைவருக்கு அதைவிடச் சின்ன வேஷம் கொடுத்தால் மேடைக்குப் பந்தல் வராது.

டெரன்ஸ் கேட்டது துப்பறியும் துறவி வேஷம். ஒரே ஒரு வசனம் பேசச் சொன்னேன்: "இந்த மடத்தில் ஒருவர் பொய் சொல்கிறார்." முழங்கால் இரண்டும் தந்தி அடிக்க, "மடத்தில் ஒரு பொய் இந்தவர்" என்றான். அந்த வேஷம் பள்ளிக்கூட வாத்தியார் டேவிட்சனுக்குப் போனது, அவர் வாயைத் திறந்தால் மைக் தேவையில்லை. டெரன்ஸின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒனக்குப் பொணம் வேசந்தாம்லே. மூச்சு விடாம கெடக்க ஒன்னை விட்டா ஆள் இல்ல."

"பொணம் வாயத் தொறக்காது. யாரையும் காட்டிக்குடுக்காது. குடுங்கக்கா."

பொணம் டெரன்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று ஞானசௌந்தரியிடம் கவலைப்பட்டேன். "யூதாஸுக்குப் பொணம் எவ்வளவோ மேலு, போங்க மைனி" என்று சிரித்தாள்.

அடுத்த தலைவலி கொலைகாரன். எங்கள் ஊரில் எவன் கொலைகாரனாக நடிப்பான்? ஏழு தலைமுறைக்குக் கொலைகாரன் வீடு ஆகிவிடுமே! ஒவ்வொருவனும் வந்து, "கொலை செஞ்சது யாருன்னு சொல்லுங்க, அவனத் தவிர எதுன்னாலும் நடிக்கேன்" என்றான். நான் லேசுப்பட்டவளா? கடைசிக் காட்சியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மேடையிலேயே துப்பறியும் துறவி ஓர் ஒட்டிய உறையை எடுத்து, செத்தவர் எழுதிவைத்த கடிதம் என்று மடத்துத் தலைவர் கையில் கொடுப்பார். தலைவர் பிரித்து உரக்க வாசிப்பார். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் முழங்காலில் விழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுப்பேன். உறைக்குள் இருந்த பெயர் மடத்துத் தலைவருடையதே. மடத்துத் தங்கப் பேழையை அரசனுக்கு ரகசியமாக விற்றவர் அவர்தான், அதைக் கோல்மன் கண்டுபிடித்துவிட்டார். கொலைகாரன் தன் வாயாலேயே தன் பெயரை வாசிக்கிறான்! இதை எழுதிய அன்று எனக்கு நானே ஒரு பாட்டில் பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன்.

ஒத்திகையில் ஆளாளுக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சமையல்காரத் துறவி காட்சிக்குக் காட்சி, "எனக்குச் சுகரு, நான் தேனைத் தொடுறதில்ல" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். தோட்டக்காரத் துறவி, கொலை நடந்த அன்று மணப்பாட்டில் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தாராம். அயர்லாந்தில், எங்கள் பக்கத்து மணப்பாடு! நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, ஒரு வாரம் ஆபீஸில் சைகை பாஷையில் வேலை பார்த்தேன்.

டெரன்ஸ் ஒருவன்தான் சொன்னபடி கேட்டான். செத்தான், கிடந்தான்.

திருவிழா அன்று சாயங்காலம் ஆறரைக்குத் திரை தூக்கினோம். முன்வரிசையில் பங்குச் சாமியார், அவருக்குப் பக்கத்தில் புன்னைக்காயல்காரர்கள், நடுவில் மெர்வினின் அம்மா, நல்ல உயரம், மூக்குக்கண்ணாடி. இரண்டு வரிசை தள்ளி ஞானசௌந்தரியும் அனிஷாவும். பனிக்கு உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை உப்பு வந்திருந்தது. மேலே உத்தரத்தில் ஒருவன் உட்கார்ந்து சல்லடையில் சலித்துக்கொண்டே இருந்தான், அயர்லாந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

கடைசிக் காட்சியில் பிணத்தைக் கிடத்தக் கட்டில் கிடைக்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, பெரிய வெள்ளியன்று இறந்த ஆண்டவரின் சுரூபச் சிலையைக் கிடத்தித் தூக்கும் பாடையான ஆசந்தியைச் சாமியாரிடம் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் டெரன்ஸைப் படுக்கவைத்து வெள்ளைத் துணி போர்த்தினோம். வெடிக்கு ஆன்றோ. இருபத்திரண்டு வருடமாக ஈஸ்டர் நள்ளிரவுத் திருவிழிப்பில் வெடி போடுகிறவன். திரை விலகி, உயிர்த்த ஆண்டவர் சுரூபம் வெள்ளைத் துணியோடு மேலே எழும்பும்போது சரத்தைக் கொளுத்துவான், உடனே கோயில்பிள்ளை மணியை அடிப்பார். "கொலைகாரன் முழங்கால் போட்டதும் கொளுத்து, அதுக்கு முந்தி கை வைக்காத" என்று ஆன்றோவிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

டெரன்ஸின் மூக்கின்மேலேயே உப்பு விழுந்துகொண்டிருந்தது. ஒரு தும்மல் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை. "நெசமாவே செத்துட்டானா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டது எனக்கே கேட்டது. பெருமையாக இருந்தது.

டேவிட்சன் உறையை நீட்டினார். ரோச் அண்ணாச்சி கம்பீரமாக வாங்கி, பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, மனதுக்குள் வாசித்தார். முகம் வெளிறியது.

"வாசியுங்கள், தந்தையே!" என்று டேவிட்சன் முழங்கினார்.

"இதுல எழுத்து சரியாத் தெரியல."

"வாசியுங்கள்!"

அண்ணாச்சி கடிதத்தைக் கசக்கி அங்கிக்குள் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நான் கொல்லல! எங்க வீட்டுல கோழி அறுக்கவே வெளிய ஆள் கூப்பிடுவோம்! நான் கொல்லல!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. நான் திரைக்குப் பின்னாலிருந்து, "முழங்கால் போடுங்க அண்ணாச்சி!" என்று கதறினேன். "போட மாட்டேன்!" என்று அவர் மைக்கிலேயே பதில் சொன்னார். சமையல்காரர் முன்னால் ஓடிவந்து, "நானும் இல்ல, எனக்குச் சுகரு!" என்றார். தோட்டக்காரர், "நான் அன்னைக்கி ஊர்லயே இல்ல!" என்றார். மேடையில் ஆளாளுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க, ரோச் அண்ணாச்சிக்கு ஒரு வழி தோன்றியது. ஆசந்தியைக் காட்டினார்.

"ஒருத்தனும் கொல்லல. இவனேதான் குடிச்சிச் செத்தான்! யூதாஸ் வீட்டுக்காரந்தானே, தானாச் சாவுறது அவுக வீட்டு வழக்கம்!"

சிரிப்பு பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. திரை இடுக்கில் எனக்கு மெர்வினின் அம்மா தெரிந்தார். அவர் சிரிக்கவில்லை, என்ன சொல்லுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அனிஷா முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கடைசி மூன்று பக்கமும் கிழிந்தது. என் நாடகம் நாசமாய்ப் போகட்டும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"ஏ அண்ணாச்சி! செத்த பொறவாவது எங்க வீட்ட விட மாட்டியளா?"

மேலே தொங்கிய மைக் அதை வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தது. சிரிப்பு நின்றது. டெரன்ஸ் ஆசந்தியின்மேல் ஏறி நின்றான். வெள்ளைத் துணி தோளிலிருந்து தொங்கியது, உடம்பெல்லாம் உப்பு மினுமினுத்தது, கோபத்தில் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான். முழங்கால் நடுங்கவே இல்லை. அதை நான் கவனித்தேன்.

ஆன்றோவும் கவனித்தான். ஆசந்தி, வெள்ளைத் துணி, எழுகிற உருவம். இருபத்திரண்டு ஈஸ்டரின் பழக்கம் அந்தக் கையை நிறுத்தி யோசிக்கவிடுமா? சரத்தைக் கொளுத்திவிட்டான். வெடிச்சத்தம் கேட்டதும் கோயில்பிள்ளை, எதற்கு ஏன் என்று எட்டிக்கூடப் பார்க்காமல், மணிக்கயிற்றை இழுத்தார். மணி கேட்டதும் திருவிழாவுக்கு வந்திருந்த பேண்டுக்காரர்கள் உயிர்ப்புப் பாட்டை எடுத்துவிட்டார்கள். பாட்டு கேட்டதும் கூட்டம் மொத்தமும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு, "அல்லேலூயா" என்று பாட ஆரம்பித்துவிட்டது! ரோச் அண்ணாச்சி, அறுபது வருடப் பழக்கம், பொத்தென்று இரண்டு முழங்காலிலும் விழுந்தார். நான் எழுதியபடியே கொலைகாரன் முழங்காலில் இருந்தார், காரணம்தான் வேறு. "இன்னும் மூணு பக்கம் இருக்கு! இன்னும் மூணு பக்கம் இருக்கு!" என்று கிழிந்த தாளை ஆட்டிக்கொண்டு நான் மேடைக்கு ஓடினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பங்குச் சாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெரன்ஸ் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். அந்தக் கோலத்தில் திரை விழுந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குப் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பன் வாங்கப் போனேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். புன்னைக்காயல்காரர்களின் கார் வந்து நின்றதும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். மெர்வினின் அம்மா இறங்கி வந்தார்.

"டெரன்ஸ் வீட்டுக்கு எப்படிப் போவணும்?"

"எந்த டெரன்ஸு?" என்றார் பேக்கரி அண்ணாச்சி.

அதே கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சங்கு குளிக்காவல்லா, அவுக வீடு."

"ஓ, உயிர்த்தவரு வீடா? நேராப் போங்க. 'நான் கொல்லல' வீட்டத் தாண்டுனா ஒரு பச்சை கேட்டு வரும், அதான்."

மெர்வினின் அம்மா நகரவில்லை. "நேத்து மேடையில யூதாஸ் வீடுன்னு என்னமோ சொன்னாவளே, அது யாரு வீடு?"

அண்ணாச்சி பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்படி ஒரு வீடு இப்ப இங்கன இல்லியே."

அந்த அம்மா தலையசைத்துவிட்டுக் காருக்குப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பேக்கரிச் சுவருக்குப் பின்னால் பால் பாக்கெட்டோடு டெரன்ஸ் நிற்கிறான். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்து ஒளிந்து நின்றிருக்கிறான். மெல்ல அண்ணாச்சியிடம் வந்தான்.

"இப்ப அவுககிட்ட என்ன சொன்னிய அண்ணாச்சி?"

"உயிர்த்தவரு வீடு, பச்சை கேட்டுன்னு சொன்னேன். ஏன், தப்பா?"

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அண்ணாச்சி சொன்னார். டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். மூச்சே விடவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"ஏலே, மூச்ச விடுலே! ஒன் வீட்டுக்குத்தான் ஆளு போறாவ, ஓடு!"

பால் பாக்கெட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஓடினான்.